டென்ட்டை எத்தனை தடவை பிரிப்பீர்கள்? குடும்பத்தோடு ஐரோப்பா முழுக்க 34 நாள் கேம்பிங் போக ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை காரில் டென்ட்டை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது 24 நாளில் 11 இடங்களில் தங்கினோம். வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பதினாறாவது நாள் காலை, பனியில் நனைந்த டென்ட்டை நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறிக்கொண்டிருந்தோம். சின்னவன் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி வந்து நின்று, "அம்மா, இன்னைக்கும் வீட்டைப் பிரிக்கணுமா?" என்று கேட்டான். அவனுக்கு அப்போது 6 வயது.

அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் பயணம் திட்டமிடும் முறையையே மாற்றிக்கொண்டேன். எத்தனை நாடு, எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் பிறகு. டென்ட்டை எத்தனை தடவை பிரித்து அடிக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கணக்கு. நான்கு பேர் தூங்கும் டென்ட்டைப் பிரித்து, மடித்து, காரில் அடுக்கிக் கிளம்ப எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. போய்ச் சேர்ந்து மறுபடி அடித்து, படுக்கை விரித்து, அடுப்புப் பற்றவைக்க இன்னும் இரண்டு மணி. நடுவில் கார் ஓட்டும் நேரம் வேறு. ஆக, ஒரு இடமாற்றம் என்றால் ஒரு நாள் போய்விடும். 24 நாளில் 10 நாளை இப்படித்தான் தொலைத்திருந்தோம்.

இங்கே சொல்வது இங்கிலாந்தில் பள்ளிக் கோடை விடுமுறை கிடைக்கும் ஆறு வாரத்துக்குள் போய்வரும் திட்டம். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ சுவிட்சர்லாந்திலோ இருப்பவர்கள் இந்த வட்டத்தில் தங்களுக்குப் பக்கத்தில் உள்ள இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.

முதலில் நாள் பார்க்க வேண்டும்

நாங்கள் அக்டோபரிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். வேலையில் ஐந்து வாரம் சேர்த்து லீவு கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சாலை. பிரான்ஸில் ஜூலை விடுமுறைக்காரர்கள் திரும்பும் நாளும் ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் கிளம்பும் நாளும் ஒன்றாக வரும் சனிக்கிழமை ஒன்று உண்டு. அன்றைக்கு ரோன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் மாட்டினால் பொழுது முழுக்கக் காரில்தான். பிரெஞ்சு அரசின் பிசோன் ஃபுயூத்தே என்ற போக்குவரத்துச் சேவை, ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்து நாட்காட்டி வெளியிடுகிறது. கறுப்பு நாளில் நகரவே நகராதீர்கள். இடமாற்றத்தை செவ்வாய், புதன் பார்த்து வையுங்கள். கேம்ப்சைட்டிலும் வார நடுவில்தான் இடம் காலியாகும்.

ஆகஸ்ட் 15 பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் பொது விடுமுறை. இத்தாலியில் அந்த வாரம் ஊரே ஏரிக்கரையிலும் கடற்கரையிலும்தான் இருக்கும். அந்தச் சமயத்தில் கார்டா ஏரியில் இருக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பாதை

எங்கள் கணக்கு இது: பெரிய டென்ட் 6 இடத்தில் மட்டும். நடுவழியில் ஓரிரு இரவு தங்க, 10 நிமிடத்தில் நிற்கும் ஒரு சின்ன டென்ட். இந்த இரண்டாவது டென்ட்தான் எங்கள் பயணத்தைக் காப்பாற்றியது. வழித்தங்கலுக்கு அதையும் நான்கு தூக்கப் பைகளையும் மட்டும் இறக்குவோம், ரூஃப் பாக்ஸைத் திறக்கவே மாட்டோம். இரவுச் சாப்பாடு ரொட்டி, முட்டை, பழம்.

ஃபோக்ஸ்டனிலிருந்து சுரங்க ரயிலில் காரோடு ஏறினால் 35 நிமிடத்தில் கலே. டோவரிலிருந்து கப்பல் என்றால் ஒன்றரை மணி. கப்பல் பெரும்பாலும் மலிவு, பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். கலேயிலிருந்து தெற்கே இறங்கி ஷாம்பேன் பகுதியில் ஷலோன் பக்கம் 1 இரவு. மறுநாள் நான்கு மணி நேர ஓட்டத்தில் ஜூரா மலை ஏரிகள். கிளேர்வோ, ஷலேன் ஏரிக்கரைகளில் கேம்ப்சைட்டுகள் இருக்கின்றன. அங்கே 6 இரவு. ஆழமில்லாத கரை, பக்கத்தில் எரிஸோன் அருவிகள், கொம்ட்டே பாலாடைக்கட்டி செய்யும் ஊர்கள். முதல் தங்கல் நீளமாக இருக்க வேண்டும். வீட்டு ஞாபகம் போய், டென்ட் பழகி, எந்தப் பையில் எது இருக்கிறது என்று எல்லோருக்கும் மனதில் படிய நாலு நாள் வேண்டும்.

அடுத்து மோன் பிளாங் சுரங்கம் வழியாக இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கு, 2 இரவு. ஜெனீவாவைச் சுற்றிக்கொண்டு பிரெஞ்சு ஏ40 நெடுஞ்சாலையிலேயே போனால் சுவிட்சர்லாந்தைத் தொடவேண்டியதில்லை, அந்நாட்டு நெடுஞ்சாலையில் ஓட முன்கூட்டியே வாங்கும் விக்னெட் என்ற கட்டணச் சீட்டும் மிச்சம். சுரங்கம் 11.6 கி.மீ. நீளம், ஒருவழிக் கட்டணமே 50 யூரோவுக்கு மேல். 1999 மார்ச் 24-இல் உள்ளே ஒரு லாரி தீப்பிடித்து 39 பேர் இறந்த இடம் அது. அதனால்தான் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் 150 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். அதைத் தவறாமல் விடுங்கள்.

அங்கிருந்து கார்டா ஏரி 5 இரவு. அப்புறம் ஸ்லோவேனியாவின் சோச்சா பள்ளத்தாக்கு, கோபாரிட் அல்லது போவெட்ஸ் பக்கம் 6 இரவு. என்னைக் கேட்டால் இந்த முழு வட்டத்திலும் இதுதான் உயிர். ஆற்றுத் தண்ணீர் பால் கலந்த பச்சை நிறம். காலை வைத்தால் குளிர் எலும்பு வரை ஏறும், பிள்ளைகளோ மணிக்கணக்கில் கூழாங்கல் அடுக்கிக்கொண்டு கரையை விட்டு வரமாட்டார்கள். இத்தாலியின் சிவிதாலே வழியாகச் சாதாரணச் சாலையில் கோபாரிட் போனால் ஸ்லோவேனிய நெடுஞ்சாலைக் கட்டணமும் இல்லை. ஒருநாள் வெர்ஷிச் கணவாய்க்குப் போய்வாருங்கள்: 1,611 மீட்டர் உயரம், 50 கொண்டை ஊசி வளைவு. முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு போட்ட சாலை. பனிச்சரிவில் புதைந்தவர்களின் நினைவாக வழியில் மரத்தாலான ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள்.

பிரெடில் கணவாய் தாண்டி ஆஸ்திரியாவின் ஃபாக்கர் ஏரி 4 இரவு. சோச்சாவில் நடுங்கியவர்களுக்கு இங்கே தண்ணீர் இதமாக இருக்கும். பிறகு ஜெர்மனியில் பவேரியாவின் கீம் ஏரி 4 இரவு. போகிற வழியில் வானம் தெளிவாக இருந்தால் 1935-இல் திறந்த குரோஸ்குளொக்னர் மலைச்சாலையில் ஏறலாம், 48 கி.மீ., உச்சியில் 2,504 மீட்டர். கட்டணம் அதிகம்தான், ஆனாலும் கொடுக்கலாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் வாருங்கள், நம் கார் கழுத்து வரை சுமையோடு இருக்கிறது. மேகம் மூடியிருந்தால் யோசிக்காமல் டவுவன் நெடுஞ்சாலை.

கடைசியாக அதே ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பக்கம் 1 இரவு, மோசல் ஆற்றங்கரையில் 3 இரவு, லக்ஸம்பர்க் வழியாகப் போய் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் 1 இரவு, பிறகு கலே. மொத்தம் 33 இரவு. ஒரே நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்கவேண்டியது எங்குமில்லை. ரோட்டர்டாமிலிருந்து ஹல்லுக்கு இரவுக் கப்பலில் திரும்புகிறவர்கள் மோசலிலிருந்து வடக்கே ஏறி, ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலையும் தரிசித்துவிட்டுப் போகலாம்.

எதை முன்பதிவு செய்வது, எதை விடுவது

பெரிய கேம்ப்சைட்டுகள் டிசம்பர், ஜனவரியிலேயே பதிவைத் திறந்துவிடும். கார்டா, ஃபாக்கர், ஜூரா ஏரிக்கரைகளை ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். உச்ச சீசனில் சில இடங்களில் குறைந்தது 7 இரவு என்று நிபந்தனை வைப்பார்கள். ஆறு இரவுதான் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், இரண்டு பதிவுகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் கொடுப்பார்கள். எங்களுக்கு இரண்டு தடவை அப்படிக் கிடைத்தது.

வழித்தங்கல் இரவுகளை விட்டுவிடலாம். பிரான்ஸில் ஊராட்சி நடத்தும் கேம்ப்சைட் சிற்றூர்களில்கூட இருக்கும், மலிவு, சுத்தம். மாலை நாலு மணிக்குள் போனால் சின்ன டென்ட்டுக்கு இடமில்லை என்று எங்கும் சொன்னதில்லை. சீசன் இல்லாத நாளுக்கான ஆக்ஸி தள்ளுபடி அட்டையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் அது பெரும்பாலும் செல்லாது, பள்ளி விடுமுறையில் மட்டும் போகிறவர்களுக்கு வீண் செலவு.

கண்ட இடத்தில் டென்ட் போடலாமா என்று கேட்கிறார்கள். இந்தப் பாதையில் உள்ள நாடுகளில் பொதுவாகக் கூடாது. ஸ்லோவேனியாவில் அபராதம் போடுவார்கள். ஸ்வீடன், நார்வேயில் உள்ள பொது உரிமையை நினைத்துக்கொண்டு இங்கே இறங்கிவிடாதீர்கள்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால், நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருடம் ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்கு அப்புறம் 3 மாதமாவது செல்ல வேண்டும். 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் முகப்படமும் விரல்ரேகையும் எடுக்கிறார்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு விரல்ரேகை இல்லை. முதல் தடவைப் பதிவென்றால் துறைமுகத்துக்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். மேலே சொன்ன திட்டத்தை எண்ணிப் பாருங்கள்: பிரான்ஸ் 7 இரவு, இத்தாலி 7, ஸ்லோவேனியா 6, ஆஸ்திரியா 4, ஜெர்மனி 8, பெல்ஜியம் 1. முதலில் நுழைவது பிரான்ஸ் என்றாலும் விசா ஜெர்மனியிடம். ஓர் இரவை அங்கே இங்கே மாற்றினாலும் கணக்கு மாறிவிடும், எனவே பாதையை உறுதி செய்த பிறகே விண்ணப்பியுங்கள். 6 மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். விசா எடுக்கிறவர்கள் மட்டும் வழித்தங்கல் இரவுகளையும் பதிவு செய்து, எல்லோர் பெயரும் உள்ள உறுதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

ஒரு தடுப்பூசி விஷயம். ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, தெற்கு ஜெர்மனிக் காடுகளில் உண்ணி கடித்தால் மூளைக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. இதற்கான ஊசியை இடைவெளி விட்டு இரண்டு தடவையாவது போட வேண்டும், மார்ச் மாதமே மருத்துவரிடம் பேசுங்கள். உண்ணி பிடுங்கும் சின்னக் கொக்கி ஒன்றும் வாங்கி, தினமும் குளிக்கும்போது பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் பாருங்கள்.

காரும் சாலைக் கட்டணமும்

காரின் மூலப் பதிவுப் பத்திரம், யூ.கே. ஸ்டிக்கர், முகப்பு விளக்கின் ஒளியைத் திருப்பிவிட ஒட்டும் வில்லை, எச்சரிக்கை முக்கோணம், ஆளுக்கொரு மஞ்சள் அங்கி, முதலுதவிப் பெட்டி. அங்கியை டிக்கியில் போடாதீர்கள், இறங்கும் முன் உட்கார்ந்த இடத்திலேயே மாட்ட வேண்டும். கார் பழுதுக் காப்பீட்டில் ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் என்று பாருங்கள். பல திட்டங்கள் 31 நாளோடு நிற்கும், நம் பயணமோ 34 நாள்.

பிரான்ஸிலும் இத்தாலியிலும் சுங்கச்சாவடியில் டிக்கெட் எடுத்து இறங்கும்போது கட்ட வேண்டும். ஆஸ்திரியாவுக்கு எல்லை தாண்டும் முன் விக்னெட். அஸ்பினாக் என்ற அரசு நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள், பெயரைப் போலவே வைத்துக் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய. ஸ்லோவேனிய நெடுஞ்சாலையில் ஏறினால் டார்ஸ் என்ற அந்நாட்டு நெடுஞ்சாலை நிறுவனத்தின் தளத்தில் மின்விக்னெட். ஜெர்மனி, பெல்ஜியம், லக்ஸம்பர்க்கில் காருக்குச் சாலைக் கட்டணம் இல்லை. லக்ஸம்பர்க்கில் பெட்ரோலும் மலிவு, டேங்க் காலியாகப்போகும் நிலையில் அங்கே போய்ச் சேருங்கள்.

இத்தாலிய ஊர்களின் பழைய நகரப் பகுதிகளில் சிவப்பு வட்டத்தோடு இசட்.டி.எல். (வாகனங்களைக் கட்டுப்படுத்திய பகுதி) என்று பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். கேமரா பிடித்து மாதங்கள் கழித்து வீட்டுக்குச் சீட்டு வரும். ஜெர்மனி, ஆஸ்திரியா நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கியதுமே இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். சட்டம் அது. எங்கும் அவசர எண் 112.

மின்சாரம், அடுப்பு, அரிசி

நம் வீட்டுப் பயணத்தில் கடைசியில் எல்லாம் சோற்றில்தான் வந்து நிற்கும், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

கேம்ப்சைட்டில் மின் இணைப்போடு இடம் எடுத்தால் 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட்தான். வீட்டுக் கெட்டில் 2,000 வாட்டைத் தாண்டும், மாட்டின உடனே ஃபியூஸ் போய்விடும். சின்ன ரைஸ் குக்கர் 500, 700 வாட்தான், அது தாராளமாக ஓடும். ஒரு வருடம் ராத்திரி ஒன்பதரைக்கு ரைஸ் குக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் கெட்டிலையும் மாட்டினேன். பட்டென்று அணைந்தது. மின்பெட்டி பூட்டியிருந்தது, அலுவலகமும் மூடிவிட்டார்கள். காலை எட்டரை வரை கூல்பாக்ஸ் ஓடவில்லை, பால் திரிந்து தயிர் புளித்து, அரைவேக்காட்டு அரிசியைக் கேஸ் அடுப்பில் ஏற்றி மீட்டோம். இப்போது 900 வாட் பயணக் கெட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். அதை மாட்டும் முன் குக்கரைப் பிடுங்கிவிடுவது பெரியவளின் பொறுப்பு.

நீல நிற மூன்று முனை பிளக் கொண்ட 25 மீட்டர் வயர் வாங்குங்கள். பழைய பிரெஞ்சு கேம்ப்சைட்டுகளுக்கு வீட்டு சாக்கெட்டில் மாட்டும் அடாப்டரும் ஒன்று. வயர் மிச்சமிருந்தாலும் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுருட்டியபடியே ஓடினால் சூடேறி உருகும்.

கேஸுக்கு காம்பிங்காஸ் நீல சிலிண்டர். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கலாம். பிரிட்டனின் மற்ற சிலிண்டர்களை அங்கே மாற்ற முடியாது. தூங்கும் டென்ட்டுக்குள் அடுப்போ அணைந்த கரிச்சட்டியோ எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

3 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று போதும். பருப்பு, கொண்டைக்கடலை, புலாவ் எல்லாம் அதிலேயே. கேஸும் மிச்சம். ஆனால் விசில் சத்தம் கேம்ப்சைட்டில் தூரம் போகும். முதல் விசிலுக்கு எதிர் டென்ட்டில் இருந்த டச்சுக் குடும்பம் மொத்தமும் எழுந்து நின்று பார்த்தது. அடுத்த நாள் ஒரு கிண்ணம் சாம்பார் கொடுத்தோம், கிளம்பும் வரை அவர்கள் பிள்ளைகள் எங்கள் பாயில்தான் இருந்தார்கள். இரவு 8 மணிக்குள் விசில் வேலையை முடித்துவிடுங்கள்.

என்ன கொண்டுபோகலாம் என்பதில் கவனம் வேண்டும். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுபோகத் தடை. அதில் நெய், தயிர், பனீர் எல்லாம் அடக்கம். காய், கீரை, பழத்துக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். விலக்கு ஐந்து பழத்துக்குத்தான்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன். ஆக, தேங்காய் போகும், கறிவேப்பிலை போகாது. நான் சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போவேன். வெண்ணெயை அங்கே வாங்கி முதல் நாளே உருக்கிவிடுவேன். பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும்.

ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஞாயிறு கடை கிடையாது. சனிக்கிழமை மதியமே பால், காய், ரொட்டி வாங்கிவிடுங்கள். மறந்தால் பெரிய ரயில் நிலையக் கடைகள் கைகொடுக்கும். பிரெஞ்சு கேம்ப்சைட்டில் காலை ரொட்டி வேண்டுமென்றால் முந்தின நாள் மாலையே அலுவலகத்தில் பெயர் எழுதி வையுங்கள். காலையில் ரொட்டி வாங்கிவருவது எங்கள் வீட்டில் பிள்ளைகளின் வேலை. பாதி ரொட்டி வழியிலேயே தீர்ந்துபோகும்.

டென்ட்டை எங்கே அடிப்பது

இடத்துக்குப் போனதும் சாமான் இறக்கும் முன் ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். மேலே காய்ந்த கிளை இருக்கிறதா? 2022 ஆகஸ்ட் 18 காலை கோர்சிகா தீவில் மணிக்கு 220 கி.மீ. தாண்டி வீசிய காற்றில் கேம்ப்சைட்டில் மரம் விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். நிழல் வேண்டும்தான், ஆனால் பெருமரத்தின் அடிக்கு நேரே வேண்டாம்.

அப்புறம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? ஸ்பெயினின் பியெஸ்காஸில் 1996 ஆகஸ்ட் 7 மாலை ஒரு மலை ஓடை திடீரென்று பெருக்கெடுத்து ஒரு கேம்ப்சைட்டையே அடித்துக்கொண்டு போனது. 87 உயிர். நமக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும் மலையில் மழை பெய்திருக்கலாம். சோச்சா போன்ற பள்ளத்தாக்குகளில் ஆற்றோரக் கடைசி வரிசையை நான் எடுப்பதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். வெளியேறும் வழி, கூடும் இடம் இரண்டையும் பிள்ளைகளோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். வானிலைக்கு, பிரான்ஸில் மெட்டியோ பிரான்ஸின் நிற எச்சரிக்கை, ஜெர்மனியில் வார்ன்வெட்டர் செயலி, ஸ்லோவேனியாவில் ஆர்சோ தளம் இவற்றைத் தினமும் காலையில் பார்ப்பது வழக்கமாகட்டும்.

கார்டாவில் காற்றுக்கு நேரம் உண்டு. விடிகாலையிலிருந்து வடக்கே இருந்து பெலேர் வீசும், மதியம் தெற்கிலிருந்து ஓரா. ஏரியின் வடகோடியில் பாய்ப்படகு விடுகிறவர்களுக்கு அது வரம், டென்ட்டுக்குச் சோதனை. சிறுபிள்ளைகள் இருந்தால் பெஸ்கியேரா, லசீசே என்று தென்பக்கம் தங்குங்கள். கோடை மாலைகளில் அங்கேயும் திடீர் இடிமழை வரும். ஏரிக்கோ நகருக்கோ கிளம்பும் முன் முன்பந்தலை மடக்கிவிட்டுப் போங்கள்.

முளை பற்றி ஒரு வார்த்தை. டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளை இங்கிலாந்துப் புல்தரைக்கு. கார்டாவிலும் சோச்சாவிலும் கல் நிலம், முதல் அடியிலேயே வளையும். தடித்த எஃகு ஆணி முளை 30, நல்ல சுத்தியல் ஒன்று. வாங்கிய டென்ட்டை மே மாதம் ஒரு சனி ஞாயிறு பக்கத்துக் கேம்ப்சைட்டில் அடித்து, சமைத்து, தூங்கிப் பாருங்கள். எது குறைகிறது, எதைத் தொடவே இல்லை என்று அந்த இரண்டு நாளே சொல்லிவிடும். ரூஃப் பாக்ஸில் லேசான படுக்கை, துணி மட்டும். பல கார்களில் கூரை தாங்குவது பெட்டியோடு சேர்த்து 75 கிலோதான்.

கேம்ப்சைட்டின் ஒழுங்கு

ஜெர்மன் கேம்ப்சைட்டுகளில் மதியம் 1 முதல் 3 வரை ஓய்வு நேரம். வாசல் தடுப்பை இறக்கிவிடுவார்கள், கார் உள்ளே போகாது. 1:10-க்குப் போய்ச் சேர்ந்து, பசித்த பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் வெளியே நின்றிருக்கிறோம். பன்னிரண்டரைக்குள் போங்கள் அல்லது மூன்றுக்கு மேல் போங்கள். இரவு 10-க்கு மேல் எங்கும் அமைதி.

பிரான்ஸில் நீச்சல் குளத்துக்கு ஆண்பிள்ளைகள் தொளதொள ஷார்ட்ஸோடு போனால் விடமாட்டார்கள், உடம்பை ஒட்டிய நீச்சலுடைதான். இத்தாலியில் பல குளங்களில் தலைக்குத் தொப்பி கட்டாயம். இரண்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், அங்கே வாங்கினால் இரட்டை விலை. கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, சில இடங்களில் தாளும் இருக்காது. பெரிய பிளாஸ்டிக் மக் இரண்டு, சோப்பு, தாள் சுருள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு டென்ட் வாசலிலேயே தொங்கவிடுவது எங்கள் வழக்கம்.

மூன்று நாளைக்கு ஒரு நாள் காரைத் தொடாதீர்கள். துணி துவைப்பது, ஆற்றில் கல் எறிவது, மதியத் தூக்கம். பிள்ளைகள் ஊர் திரும்பி ஆசிரியரிடம் சொல்வது இந்த நாட்களைத்தான்.

பணம்

உச்ச சீசனில் நான்கு பேருக்கு ஊராட்சிக் கேம்ப்சைட் 25, 30 யூரோவில் முடியும். கார்டா ஏரிக்கரையில் 70-ஐயும் தாண்டும். சராசரி 45 என்று வைத்தால் 33 இரவுக்கு 1,485 யூரோ. இடத்துக்கு ஒரு தொகை, ஆளுக்கு ஒரு தொகை, மேலே சுற்றுலா வரி என்று பிரித்துப் போடுவார்கள். பதியும் முன் மொத்தத்தைக் கேளுங்கள். சுற்றல் எல்லாம் சேர்த்து 4,000 கி.மீ. ஓடும், 100 கி.மீ.க்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு 280 லிட்டர். நெடுஞ்சாலை பங்குகளைத் தவிர்த்து சூப்பர்மார்க்கெட் பங்கில் போடுங்கள். 200 யூரோ ரொக்கமும் கொஞ்சம் சில்லறையும் வேண்டும், வாஷிங் மெஷினும் சில இடங்களில் வெந்நீரும் காசு போட்டால்தான் ஓடும்.

திரும்பும்போது

2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குள் இறைச்சி, பால்பொருள் கொண்டுவரவும் தடை. ஜூராவில் வாங்கிய கொம்ட்டேயை வழியிலேயே சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். மோசல் கரையில் கடைசி ஞாயிறு நல்ல வெயிலாக இருந்தால் பெரிய டென்ட்டை அங்கேயே நன்றாகக் காய வையுங்கள். இல்லையென்றால் ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு வந்து, வீடு வந்த அன்றைக்கே தோட்டத்திலோ படிக்கட்டுக் கைப்பிடியிலோ விரித்துப் போடுங்கள். இரண்டு நாள் பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும். தையல் ஓரங்களைத் தடவிப் பாருங்கள், கடைசியில் காய்வது அதுதான். முளைகளை எண்ணி, வளைந்ததைத் தள்ளி, எத்தனை குறைகிறது என்று ஒரு தாளில் எழுதி டென்ட் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.